கதவில் எழுதிய எண்

அப்பா ஓட்டிய லாரியின் ஜாதகம் லாரியின் மேலேயே எழுதியிருக்கும். ஓனர் பெயர், ஊர், வண்டியின் காலி எடை, லோடு ஏற்றிய எடை, பெர்மிட் நம்பர், எஃப்சி முடியும் தேதி, டாக்ஸ் தேதி, இன்சூரன்ஸ் தேதி என எல்லாம் கேபின் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் இருக்கும். எஃப்சி காட்டிவிட்டு வந்ததும் பெயிண்டர் பழைய தேதியின் மேல் ஒரு பட்டை அடித்து, அது காய்ந்ததும் புதுத் தேதியை எழுதுவார். நாமக்கல் பக்கம் லாரிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முதலில் கிடைப்பது இந்தக் கேபின்தான். நானும் அப்படித்தான் படித்தேன்.

இப்போது நான் கோவையில் ஒரு ஆபீசில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிகாலை மூன்றரை ஆகும். அமெரிக்காவில் சரக்கு வைத்திருப்பவருக்கும் லாரி வைத்திருப்பவருக்கும் நடுவே நிற்கும் ஒரு புரோக்கர் கம்பெனிக்காக, புதிதாக லோடு கேட்டு வரும் லாரி கம்பெனிகளின் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. நம்ம ஊர் புக்கிங் ஆபீஸ் மாதிரிதான். என்ன, வண்டியைக் கண்ணால் பார்க்க முடியாது, டயரை உதைத்துப் பார்க்க முடியாது. பதிவை மட்டும்தான் பார்க்க முடியும்.

டெக்சாஸிலோ ஒஹையோவிலோ நிற்கும் லாரியின் கதவிலும் எழுத்து உண்டு. கம்பெனியின் சட்டப்படியான பெயரும் யூஎஸ்டாட் எண்ணும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், நிற்கும் வண்டியை 50 அடி தூரத்திலிருந்து பார்த்தால் அது படிக்க வர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அப்படியில்லை. நம் லாரியில் எழுதியிருப்பது அந்த ஒரு வண்டியின் விவரம். அங்கே கதவில் இருப்பது கம்பெனியின் எண். வண்டியை விற்றாலும் புதுசு வாங்கினாலும் எண் கம்பெனியோடு இருக்கும். அந்த எண்ணைத் தட்டினால் கம்பெனியின் கடந்த இரண்டு வருஷத்து நல்லது கெட்டது ஒரே பக்கத்தில் வந்து விழும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இப்படியொரு பக்கம் எப்படி உண்டாயிற்று, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி எனக்கு வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அது வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

இந்தப் பதிவேடு பாதுகாப்புக்காகத் தொடங்கவில்லை. ரயிலுக்காகத் தொடங்கியது.

1887-ல் ரயில் கம்பெனிகளின் கட்டணப் போக்கைக் கட்டுப்படுத்த அமெரிக்கா ஓர் ஆணையத்தை அமைத்தது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆணையத்தின் சுருக்கப் பெயர் ஐசிசி. அப்போது லாரி என்ற ஒன்றே சாலையில் கிடையாது. 1920-களில் ரோடு வந்தது, லாரி வந்தது, ரயிலின் சரக்கில் ஒரு பங்கு ரோட்டுக்கு இறங்கியது. 1929-க்குப் பிறகு பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை போனவர்கள் கடனுக்கு ஒரு பழைய லாரி வாங்கிக்கொண்டு, பெட்ரோலுக்குக் கட்டினால் போதும் என்கிற வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். நாமக்கல்லில் லோடு கிடைக்காத மாதங்களில் நடப்பதை நினைத்துக்கொண்டால் போதும், அன்றைய நிலைமை புரிந்துவிடும். ரயில் கம்பெனிகள் கத்தின. சின்ன ஆட்களின் வாடகைக் குறைப்பில் அடிபட்ட பெரிய லாரி கம்பெனிகளும் ஒருகட்டத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டன.

போக்குவரத்தை ஒருங்கிணைக்க அன்றைய அரசு நியமித்திருந்த ஜோசப் ஈஸ்ட்மன் இதற்கான சட்டத்தை முன்னெடுத்தார். 1935 ஆகஸ்ட் 9-ம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். லாரிகளும் பஸ்களும் ஐசிசியின் கைக்குள் வந்தன. மாநில எல்லை தாண்டி எல்லோருக்கும் சரக்கு ஏற்றும் கம்பெனி, பொதுமக்களின் வசதிக்கும் தேவைக்கும் தான் அவசியம் என்று நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். 1935 ஜூன் 1-க்கு முன்பே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குச் சலுகை. புதிதாக வருபவருக்கு எதிராக ஏற்கெனவே இருப்பவர் ஆட்சேபம் சொல்லலாம். எந்த ரூட், எந்தச் சரக்கு என்பதுகூடச் சான்றிதழில் எழுதியிருக்கும். போகும்போது லோடு ஏற்றலாம், திரும்பும்போது காலியாக வர வேண்டும் என்ற மாதிரியெல்லாம் அனுமதிகள் இருந்தன.

ஆக, முதல் பதிவேடு கேட்ட பெரிய கேள்வி “நீ ஒழுங்காக ஓட்டுவாயா?” என்பதல்ல. “நீ எதற்கு?” என்பதுதான். இது அமெரிக்காவின் தனிக்கதையும் அல்ல. நம் நாட்டில் ரயிலுக்கும் ரோட்டுக்கும் உள்ள போட்டியை ஆராய்ந்த மிட்செல் - கிர்க்னஸ் அறிக்கை 1933-ல் வந்தது. 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்து, பெர்மிட்டும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரமும் உருவாயின. அங்கேயும் ரயிலின் நிழல் விழுந்திருக்கிறது. நம்மூரில் இன்றுவரை ‘பெர்மிட்’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனத்தின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது.

ஆனால் 1935 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டலாம், வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதிக்கும் அதிகாரத்தையும் அது ஐசிசிக்குக் கொடுத்தது. 1930-களின் முடிவிலேயே ஒரு நாளைக்கு 10 மணி நேரம்தான் ஓட்டலாம் என்ற வரம்பு வந்துவிட்டது. நேரத்தை டிரைவரே ஒரு லாக் புக்கில் எழுத வேண்டும். தானே எழுதும் கணக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க டிரைவர்கள் அந்த நோட்டுக்கு வைத்த பட்டப்பெயர் ‘காமிக் புக்’.

*

1966-ல் அமெரிக்காவில் போக்குவரத்துக்கென்று தனித் துறையை உருவாக்கும் சட்டம் வந்தது. 1967 ஏப்ரல் 1 முதல் அந்தத் துறை இயங்கத் தொடங்கியதும், லாரிகளின் பாதுகாப்பு ஐசிசியிடமிருந்து அங்கே போனது. யார் ஓட்டலாம், என்ன வாடகை என்பது ஐசிசியிடமே நின்றது. வியாபாரத்துக்கு ஒரு ஆபீஸ், உயிருக்கு ஒரு ஆபீஸ் என்று பிரிந்தது அப்போதுதான்.

1980 ஜூலை 1-ம் தேதி அதிபர் கார்ட்டர் இன்னொரு மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1935-ல் பூட்டிய கதவை இது திறந்துவிட்டது. “நீ எதற்கு?” என்ற கேள்வி ஏறக்குறைய போயிற்று. தகுதியும் இன்சூரன்சும் இருந்தால் வரலாம். பத்தே வருஷத்தில் அனுமதி பெற்ற கம்பெனிகள் 40,000-ஐத் தாண்டின. 1980-ல் இருந்ததைப்போல் அது இரண்டு மடங்குக்கும் மேல். வாடகை குறைந்தது, கடையில் சாமான் விலை குறைந்தது, டிரைவர்களின் சம்பளமும் கூடவே குறைந்தது. சாதாரணச் சரக்கு ஏற்றும் கம்பெனிக்குக் குறைந்தது 7,50,000 டாலர் விபத்துக் காப்பீடு வேண்டும் என்ற விதி இந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான். எத்தனையோ விலைகள் ஏறிவிட்டன. அந்தத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. தினமும் ராத்திரி நான் இன்சூரன்ஸ் சான்றிதழில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

வாசலில் காவல் இல்லையென்றால் உள்ளே வந்தவர்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். 1980-களில் அது ஒவ்வொன்றாக வந்தது. கம்பெனிகளுக்குத் திருப்தி, நிபந்தனையோடு, திருப்தியில்லை என்று மூன்று தரம் போடும் முறை வந்தது. 1986-ல் டிரைவர்களுக்கான சட்டம் வந்தது. அதுவரை ஒரு டிரைவர் பல மாநிலங்களில் லைசென்ஸ் வைத்திருக்க முடிந்தது. ஒரு மாநிலத்தில் பிடிபட்டால் அதை ஒரு லைசென்சில் வாங்கிக்கொள்வது, அடுத்த தடவை வேறொன்றைக் காட்டுவது. குற்றத்தைப் பல பெயரில் பிரித்துப் போட்டால் எந்தப் பெயரும் கறைபடாது. 1986 சட்டம் ஒரு டிரைவருக்கு ஒரே லைசென்ஸ் என்று அதை நிறுத்தியது. இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் அடைத்த அந்த ஓட்டை, பின்னால் கம்பெனிகளிடம் திறந்துகொண்டது.

1995-ன் முடிவில் ஐசிசியே கலைக்கப்பட்டது. 108 வருஷம் வாழ்ந்த ஆணையம். 1999-ல் ஒரு சட்டம் போட்டு, 2000 ஜனவரி 1 முதல் லாரி, பஸ் பாதுகாப்புக்கென்றே ஒரு கூட்டாட்சி நிர்வாகம் தொடங்கினார்கள். எஃப்எம்சிஎஸ்ஏ என்பது அதன் சுருக்கம். நான் தினமும் பார்க்கும் பக்கம் அவர்களுடையது.

*

அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

மேலே பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை வண்டி, எத்தனை டிரைவர். இவை கம்பெனியே எம்சிஎஸ்-150 என்ற படிவத்தில் எழுதிக் கொடுப்பவை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த மாதம் என்பதை யூஎஸ்டாட் எண்ணின் கடைசி இலக்கம் சொல்லும். 1 என்றால் ஜனவரி, 9 என்றால் செப்டம்பர், 0 என்றால் அக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படை வருஷம். எண்ணைப் பார்த்ததுமே படிவம் பழசாகிவிட்டதா என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்த வாரம் நான் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்தேன்.

கீழே கடந்த 24 மாதத்தில் ரோட்டோரம் நடந்த சோதனைகள். சோதித்ததில் எத்தனை வண்டியை, எத்தனை டிரைவரை “இதுக்கு மேல நகரக்கூடாது” என்று அங்கேயே நிறுத்தினார்கள் என்ற சதவீதம். பக்கத்திலேயே தேசியச் சராசரி. அமெரிக்காவிலேயே சோதிக்கும் ஐந்து வண்டியில் ஒன்று பிரேக், டயர், விளக்கு என்று ஏதோவொன்றில் நின்றுவிடுகிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். “அங்கயும் அப்படித்தானா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்கும் கீழே விபத்துகள். உயிர் போனவை, காயம்பட்டவை, வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தவை. யார் மேல் தப்பு என்பது இந்தக் கணக்கில் கிடையாது என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். கடைசியில் தரம். பெரும்பாலான கம்பெனிகளுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. நேரில் போய் ஆராய்ந்து தரம் போட அரசாங்கத்திடம் அவ்வளவு ஆட்கள் இல்லை.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும், கோவையில் உட்கார்ந்து நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அதற்கும் ஒரு தேதி இருக்கிறது. 2004-ல் மேரிலாந்தின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, லாரி விபத்து வழக்கில் புரோக்கர் கம்பெனியின் பொறுப்பைப் பற்றிப் பேசியது. லாரியைத் தேர்ந்தெடுப்பவருக்கு, பொதுவில் கிடைக்கும் பாதுகாப்புப் பதிவைப் பார்க்கும் கடமை உண்டு என்றது. பார்க்கக் கிடைக்கும்போது பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. எல்லா நீதிமன்றங்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் புரோக்கர்களுக்குப் பயம் வந்துவிட்டது. பார்த்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை ராத்திரியில் குறைந்த சம்பளத்துக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஆட்கள் வேண்டும். என் வேலையின் தலபுராணம் இதுதான்.

*

2008 ஆகஸ்ட் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். டெக்சாஸில் ஷெர்மன் என்ற ஊரில் ஒரு பஸ் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. ஹூஸ்டனிலிருந்து மிசூரிக்கு மாதா திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்த வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் அதில் இருந்தார்கள். 17 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ் என்று நினைத்துக்கொண்டேன், படித்தபோது.

முன்பக்க வலது டயர் வெடித்திருந்தது. காற்று குறைவாக ரொம்ப நாள் ஓடிய டயர். அது ரீட்ரெடிங் செய்தது என்றும் தெரியவந்தது. பஸ்ஸின் முன் அச்சில் அதை மாட்டக்கூடாது என்பது சட்டம். வெடித்ததற்குக் காரணம் காற்றுக் குறைவுதான் என்று விசாரணை முடிவு செய்தது. அப்பாவிடம் சொன்னேன். “முன்னாடி ரீட்ரெடிங் டயர் போட்டா எந்த டிரைவர் கண்ணு வண்டி எடுப்பான்? சட்டம் எதுக்கு அதுக்கு?” என்றார்.

ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம் டயரைவிடப் பெரியது. அந்த பஸ்ஸை நடத்தியவரின் பழைய கம்பெனியை, சரியில்லை என்று சொல்லி, ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் ஓட்டக்கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். அவர் புதுப் பெயரில் இன்னொரு கம்பெனி தொடங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட கம்பெனிகளை அங்கே பச்சோந்தி கம்பெனி என்கிறார்கள். பதிவு கெட்டுப்போனால் கம்பெனியை மூடுவது, மனைவி பெயரிலோ மச்சான் பெயரிலோ புதுசு தொடங்குவது. யூஎஸ்டாட் எண்ணுக்குக் கட்டணம் இல்லை. சரக்கு ஏற்றும் அனுமதிக்கு 300 டாலர். அதே வண்டி, அதே டிரைவர், அதே டயர். கதவில் மட்டும் புது எழுத்து. 1986-க்கு முன்னால் டிரைவர்கள் லைசென்சை வைத்துச் செய்ததைத்தான் இப்போது முதலாளிகள் கம்பெனியை வைத்துச் செய்தார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2012-ல் இதை எண்ணிப் பார்த்தது. புதிதாக விண்ணப்பித்தவர்களில் பச்சோந்தியின் அடையாளங்கள் உள்ளவர்கள் 2005-ல் 759 பேர், 2010-ல் 1,136 பேர். இப்படிப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் பிறகு கடுமையான விபத்துகளில் சிக்கியிருந்தார்கள். அந்த அடையாளம் இல்லாத புதியவர்களில் அது 6 சதவீதம். ஷெர்மனுக்குப் பிறகு பஸ் கம்பெனிகளின் விண்ணப்பங்களைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுச் சாமான் ஏற்றுபவர்களையும் பார்த்தார்கள். ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பகுதி சாதாரணச் சரக்கு லாரிகள். அவர்களை அப்படிப் பார்க்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு டிசம்பர் ராத்திரி, மூன்று வண்டி, மூன்று டிரைவர், ஏழு மாத அனுமதி உள்ள ஒரு கம்பெனி வந்தது. சோதனைகள் பூஜ்யம். விபத்துகள் பூஜ்யம். இன்சூரன்ஸ் இருக்கிறது. படிவம் புதுசு. எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களும் பச்சை. ஐந்து நிமிஷத்தில் ஓகே போட்டேன். அன்றைக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான்.

ஒரு மாதம் கழித்து எங்கள் டீம் லீடர் அக்கா என்னைக் கூப்பிட்டார். அந்த கம்பெனியின் போன் நம்பரை எங்கள் ஆபீசின் பழைய கோப்பில் தேடியிருக்கிறார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் நாங்களே வேண்டாம் என்று தள்ளிய வேறொரு கம்பெனியின் நம்பரும் அதுவேதான். அந்தப் பழைய கம்பெனியின் வண்டிகளில் மூன்றில் ஒன்றை ரோட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் புதுப் பெயருக்கு நாலு லோடு போயிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. நாலு லோடும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. என்னை யாரும் திட்டவில்லை. பட்டியலில் போன் நம்பரை ஒப்பிடு என்ற வரியே அப்போது இல்லை. “இதெல்லாம் போகப் போகத் தெரியும்டா” என்றார் அக்கா. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. பூஜ்யம் என்று பார்த்ததும் நான் சுத்தம் என்று படித்துவிட்டேன். பூஜ்யம் என்றால் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றும் அர்த்தம் உண்டு. குறையில்லாத கம்பெனியும் இன்னும் மாட்டாத கம்பெனியும் அந்தப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

*

இந்தச் சிக்கல் அரசாங்கத்துக்கும் தெரிந்ததுதான். 2010 டிசம்பரில் எஃப்எம்சிஎஸ்ஏ ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. சோதனைகளையும் விபத்துகளையும் ஏழு தலைப்பில் பிரித்து, ஒரே அளவுள்ள கம்பெனிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டது. பொதுமக்களும் பார்க்கலாம் என்றது. லாரிக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவரை ரெண்டே தடவை சோதித்து, ஒரு தடவை விளக்கு எரியவில்லை என்றால் அவர் மோசமானவர் ஆகிவிடுவாரா? 2014-ல் ஜிஏஓவும் ஏறக்குறைய இதையே சொன்னது. பெரும்பாலான கம்பெனிகளை நம்பகமாக ஒப்பிடும் அளவுக்குத் தகவல் இல்லை என்றது. 2015 டிசம்பரில் வந்த சட்டம், சரக்கு லாரிகளின் ஒப்பீட்டு மதிப்பெண்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பஸ் கம்பெனிகளுடையதை இப்போதும் பார்க்கலாம்.

இதில் நான் எந்தப் பக்கம் என்று இன்றுவரை முடிவெடுக்க முடியவில்லை. ஒற்றை லாரி ஓனர்களின் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, ஒரு விளக்குக்காகப் பிழைப்பு போவது என்றால் என்னவென்று தெரியும். அதேசமயம், அந்த லாரிக்கு முன்னால் காரில் போகிறவருக்கு ஒற்றை லாரியா நூறு லாரியா என்பது முக்கியமில்லை.

2017 டிசம்பரில் இன்னொன்று வந்தது. டிரைவரின் நேரத்தை வண்டியின் இன்ஜினோடு இணைத்த மின்னணுக் கருவி பதிவு செய்ய வேண்டும் என்ற விதி. காமிக் புக் காலம் பெருமளவு முடிந்தது. இன்றைய கணக்கு, 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். வண்டி நகர்ந்தால் கடிகாரமும் நகரும்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வண்டியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர், “நம்ம ஊர்ல அப்படி ஒரு கம்பெனியப் போட்டுப் பாக்க முடியுமா கண்ணு?” என்றார்.

யோசித்துச் சொன்னேன். வண்டி நம்பர் கையில் இருந்தால் வாகன் தளத்தில் அந்த வண்டியின் எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவரை என்று பார்த்துவிடலாம். பெயிண்டர் எழுதியதுதான் போனுக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரு லாரி கம்பெனியின் பெயரைப் போட்டு, அதன் வண்டிகள் எத்தனை முறை விபத்தில் சிக்கின, எத்தனை முறை நிறுத்தப்பட்டன என்று ஒரே பக்கத்தில் பார்க்க நமக்கு வழியில்லை. 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர் சட்டத்தை மாற்றி, 2007-ல் சாலைவழிச் சரக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2011 மார்ச் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. சரக்கு ஏற்றும் கம்பெனிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அதன் முக்கியக் கவலை, சரக்கு தொலைந்தால், உடைந்தால் யார் பொறுப்பு என்பது.

“நேரத்துக்குச் சட்டம் இருந்துச்சுங்ப்பா, உங்களுக்கு” என்றேன். 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தூர ஓட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டி 10 மணி நேரம் வரை. டிரைவர்களுக்கு இந்த நேரம்தான் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டமும் சொன்னது. அப்பா சிரித்தார். “எனக்கு யாரும் சொல்லலையே.”

எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். ஓனருக்குக் கணக்குக் கொடுக்க அவர் எழுதிய டிரிப் நோட்டு. டீசல், டோல், பஞ்சர், படி. ஒவ்வொரு டிரிப்புக்கும் கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் இருந்தது. லேட்டானால் ஓனர் கேட்பார் என்பதற்காக எழுதியது. ஒரு பக்கத்தைப் பிரித்தேன். நாமக்கல்லிலிருந்து புனேவுக்கு லோடு. திங்கள் சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பி, புதன் விடிகாலை 4 மணிக்குச் சேர்ந்திருக்கிறார். மொத்தம் 34 மணி நேரம்.

ராத்திரி வேலைப் பழக்கத்தில் கை தானாகக் கணக்குப் போட்டது. கிட்டத்தட்ட 1,100 கிலோமீட்டர். லோடு வண்டி சராசரியாக மணிக்கு 40 என்றால், ஓட்டம் மட்டுமே 27 மணி நேரத்துக்கு மேல். அமெரிக்க விதிப்படி ஒரு டிரைவர் ஓட்டினால் நடுவில் இரண்டு தடவை பத்துப் பத்து மணி நேரம் நிறுத்த வேண்டும். 47 மணி நேரத்துக்குக் குறைந்து அங்கே போய்ச் சேர முடியாது. இந்த நோட்டு என் மேசைக்கு வந்திருந்தால் நான் சிவப்புக் கட்டம் போட்டிருப்பேன்.

“எப்பங்ப்பா தூங்குனீங்க?”

“கிளீனர் ஓட்டுவான்ல.”

“அந்த அண்ணனுக்கு லைசென்ஸ் இருந்துச்சா?”

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு தடவகூட ஆக்சிடென்ட் இல்ல, கண்ணு. 26 வருசம்” என்றார். அது உண்மை. அவர் லைசென்சில் ஒரு கறை கிடையாது. அவர் ஓட்டிய வண்டி எஃப்சியில் நின்றதாக எனக்கு நினைவில்லை. எஃப்சிக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், வந்ததும் கழற்றி வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் பச்சை. சோதனைகள் பூஜ்யம், விபத்துகள் பூஜ்யம்.

நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். “என்னத்தையோ நோண்டிக்கிட்டு இருக்காத, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

திங்கட்கிழமை ஷிஃப்டில் முதலில் வந்தது இண்டியானாவிலிருந்து இரண்டு வண்டி வைத்திருக்கும் ஒரு கம்பெனி. அனுமதி வாங்கி ஐந்து மாதம். சோதனைகள் பூஜ்யம், விபத்துகள் பூஜ்யம். போன் நம்பரைக் காப்பி செய்து பழைய கோப்பில் தேடினேன். பிறகு முகவரியைத் தேடினேன். எதுவும் வரவில்லை. கதவில் பெயரும் எண்ணும் தெரிகிற மாதிரி வண்டியின் படம் ஒன்று அனுப்பச் சொல்லி மெயில் போட்டேன். இருபது நிமிஷத்தில் படம் வந்தது. நீல வண்டி, கதவில் வெள்ளை எழுத்து. பெயிண்ட் புதுசாக இருந்தது. எழுத்துக்குக் கீழே வேறு எழுத்து அழிந்த தடம் ஏதாவது தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.